செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய வெள்ளி

விபத்துக்கு முன்னால் அண்ணனும் நானும் ஒரே ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தோம். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து பங்காருபேட்டை வரை ஆளுக்கொரு ஸ்கூட்டர், அங்கே ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயில். அண்ணன் பத்து நிமிடம் முன்னதாகவே பிளாட்பாரத்தில் நிற்பான். நான் வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து ஏறுவேன். மூச்சு வாங்க உள்ளே போனால் அவன் பக்கத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கும். கைக்குட்டையைப் போட்டுப் பிடித்து வைத்திருப்பான்.

அவனுக்கு அப்போது நாற்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்திரண்டு. மறுநாள் போடும் சட்டை முதல் நாள் மாலையே ஆணியில் தொங்கும். மழைக்காலம் வருவதற்கு முன்பே இரண்டு குடை வாங்குவான், ஒன்று எனக்கு. பிரியாணியில் முட்டையைக் கடைசி வாய்க்கு ஒதுக்கி வைத்துச் சாப்பிடுகிறவன். நான் முட்டையைத்தான் முதலில் எடுப்பேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று யோசிப்பதைக்கூட வருஷா வருஷம் தள்ளிப்போட்டு, கடைசியில் யோசிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்ட ஆள் நான். அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கொடுத்த வீட்டில்தான் அண்ணன், அண்ணி, நான் மூவரும் இருந்தோம், இன்றும் இருக்கிறோம். அண்ணி பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. அவர்களுடைய ஒரே மகள் கோலாரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மழை நாள் மாலை நான் வழக்கமான ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில் வந்தேன். அண்ணன் முன்னாலேயே வந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான். லாரியிலிருந்து கொட்டிய ஜல்லி ஒரு வளைவில் கிடந்திருக்கிறது. ஹெல்மெட் போட்டிருந்தான். போட்டிருந்ததால்தான் பிழைத்தான் என்றார்கள்.

பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரி. மூளை வீங்கிவிட்டது, வீக்கத்துக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, வலது நெற்றிக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மண்டையோட்டைக் கழற்றினார்கள். கழற்றிய எலும்பை அவன் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிட்டார்கள். அங்கே இருந்தால் கெடாமல் இருக்குமாம். சில மாதம் கழித்து எடுத்துப் பழைய இடத்தில் பொருத்துவார்களாம். மூன்று வாரம் கழித்து அவனுக்கு நல்ல நினைவு வந்தது. அடுத்த மாதம் நடந்தான். எங்களை அடையாளம் தெரிந்தது, மகளின் பிறந்தநாள் தெரிந்தது, தன் செல்போனின் நம்பர் பூட்டுகூட மறக்கவில்லை. வயிற்றைத் தடவிப் பார்த்து, "என் மண்ட இங்க கீது" என்று சிரித்தான். அண்ணன் திரும்பிவந்துவிட்டான் என்று நாங்கள் நினைத்தோம்.

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அண்ணி பிரியாணி செய்தார். அண்ணன் உட்கார்ந்ததும் முட்டையை எடுத்து வாயில் போட்டான். பிறகு என் தட்டிலிருந்த முட்டையை எடுத்தான். அதை மெல்லும்போதே அண்ணி தட்டுக்குக் கை நீண்டது. அண்ணி தட்டை அவன் பக்கம் தள்ளினார். நான் அதைப் பசி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பசி இல்லை. குளிக்கத் தண்ணீர் காய்கிறது என்றால் பச்சைத் தண்ணீரிலேயே ஊற்றிக்கொண்டுவிடுவான். பஸ்ஸுக்கு நின்றால் அரை நிமிடத்தில் நடக்க ஆரம்பிப்பான், எந்தப் பக்கம் என்றில்லை. கோயிலில் பிரசங்கம் நடுவில் எழுந்து நின்று, "பாஸ்டர், போதும், வூட்டுக்குப் போலாம்" என்று அமைதியாகச் சொன்னான். பாஸ்டரும் பெரிய மனசுக்காரர், சிரித்துவிட்டு அடுத்த ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டார். ஒருநாள் பங்காருபேட்டைக்கு மருந்து வாங்கக் கூட்டிப்போனபோது பானிபூரி வண்டிக்காரர் வரிசையாக ஒவ்வொருவருக்கும் ஒன்றொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். அண்ணன் முறை வருவதற்குள், முன்னால் நின்ற பெண்ணின் தொன்னையிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டான். அந்தப் பெண் கன்னடத்தில் திட்டினாள். அண்ணன் அவளைப் பார்த்து, "நல்லா கீதும்மா" என்றான்.

கோபமோ திமிரோ அவனிடம் இல்லை. அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. ஒருவன் கெட்டவனாகிவிட்டால் கெட்டவன் என்று சொல்லலாம். இவன் அதே நல்லவன்தான். காத்திருப்பது மட்டும் இல்லாமல் போயிருந்தது.

யார் வீட்டில் இருந்து பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. அண்ணிக்கு நிரந்தர வேலை, எனக்கு ஒப்பந்த வேலை. நான் நின்றுவிட்டேன்.

மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது ஒரு டாக்டரம்மா அவனோடு அரை மணி நேரம் பேசினார். சின்ன வயதுதான், கன்னடம் கலந்த தமிழ். என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நேத்து என்ன மாடினீங்க?"

அண்ணன் காலையில் தின்ற தோசையிலிருந்து மாலையில் பார்த்த நாய்ச்சண்டை வரை ஒழுங்காகச் சொன்னான்.

"சரி. நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான்.

"கண்ண மூடி யோசிங்க. நாளைக்கு. காலைல எழுந்தாச்சு. என்ன தெரியுது?"

கண்ணை மூடினான். பிறகு, "ஒண்ணும் தெரில மேடம். சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி கீது" என்றான்.

டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம் பேசினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிதான் அதிகம் அடிபட்டது, வரப்போவதை மனதில் வைத்துப் பார்ப்பதும், கையை இழுத்துப் பிடிப்பதும் இரண்டும் அங்கே நடக்கிற வேலை என்றார். "அவருக்கு மனசு பலவீனம்னு நெனைக்காதீங்க. நாம ஏன் காத்திருக்கோம்? அப்புறம்னு ஒண்ணு நமக்குத் தெரியுது. அவருக்குத் தெரியல. எதுக்காகக் காத்திருப்பார்?"

ரயிலில் திரும்பும்போது அண்ணன் ஜன்னலோரம் தூங்கினான். நான் அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுடைய பொறுமையை ஒரு நற்குணம் என்றே இத்தனை வருஷமும் எண்ணியிருந்தேன். என்னிடம் அது இல்லை என்று வெட்கப்பட்டதும் உண்டு. அது குணமே இல்லையோ, கண்பார்வை போன்ற ஒன்றோ என்று முதல்முறையாகத் தோன்றியது. அப்படியானால் என் விஷயம் என்ன? என் மண்டை முழுதாகத்தானே இருக்கிறது.

அண்ணியிடம் இதைக் கேட்டேன். அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார். "உங்களுக்கு நாளைக்கு தெரியாம இல்ல தம்பி. உங்க நாளைக்கயும் சேத்து இவரு பாத்துக்கினு இருந்தாரு. அதான் நீங்க பாக்கல."

எலும்பைத் திரும்ப வைக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். முதல் நாளே போய்ச் சேர்ந்தோம். இரவு சாப்பிட்ட பிறகு பல்லில் எதுவும் படக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது என்று நர்ஸ் நான்கு முறை சொன்னார். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. காலை ஏழு மணிக்கு அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணி குளிக்கப் போயிருந்தார். எனக்குத் தலை வலித்தது. காலைக் காபியை அரை மணி நேரம்கூடத் தள்ளிப் பழகாத உடம்பு. ஐந்து நிமிடம்தானே என்று கேன்டீனுக்கு இறங்கினேன்.

திரும்பி வந்தபோது அண்ணன் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து, அந்த நோயாளியின் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்காவது இட்லி. அந்தப் பெரியவர் பாவம், விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல் சட்னியை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் மூன்று வாரம் தள்ளிப்போனது. அண்ணி என்னைத் திட்டவில்லை. வீட்டுப் படியேறும்போது, "காபி நல்லா இருந்துதா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அது வேண்டியதுதான் எனக்கு.

அந்த மூன்று வாரமும் நான் அண்ணனைக் கவனிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டேன். பரிகாரம் என்று ஆரம்பித்தது, இரண்டு நாளில் ஆர்வமாகிவிட்டது. அவனுடைய 'அப்புறம்' எவ்வளவு தூரம் நீளும் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கடிகாரத்தைக் காட்டி, பெரிய முள் இங்கே வந்ததும் டீ என்று சொல்லிப் பார்த்தேன். முள்ளைப் பார்த்தான், சமையலறைக்குப் போனான். சிலேட்டில் இன்றைய வேலைகளை வரிசையாக எழுதி மாட்டினேன். படித்துவிட்டு, "கையெழுத்து இன்னும் கோழிக் கிறுக்கலாத்தான் கீது" என்றான், அவ்வளவுதான். போனில் அலாரம் வைத்தேன். அது அடிக்கும் வரை அவனுக்கு அது இல்லை.

ஆனால் அடுப்பில் டீ கொதிப்பதைக் காட்டி நிறுத்தினால் நின்றான். குமிழி வருவதையும் நிறம் மாறுவதையும் பார்த்துக்கொண்டு நான்கு நிமிடம் நின்றான். கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிற ஒன்றுக்காக அவனால் காத்திருக்க முடிகிறது, கண்ணுக்குத் தெரியாததற்குத்தான் முடியவில்லை என்று புரிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரத்துக்கு எதைக் கொதிக்க வைப்பது?

வழி அண்ணியிடமிருந்து வந்தது, அவருக்கே தெரியாமல். ஒரு சனிக்கிழமை மதியம் நான் அண்ணனிடம், "சாயங்காலம் பங்காருபேட்டை போவோமாண்ணா?" என்று கேட்டேன். "தெரில" என்றான். அதே சுண்ணாம்புச் சுவர் முகம். அண்ணி துணி மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்.

"ஏங்க, நாம பங்காருபேட்டைக்குப் போவோமே. ஸ்டேஷன் வாசல்ல பானிபூரிக்கு நிப்போமே. காரம் கம்மியா போடுன்னு கேப்பீங்களே."

"ஆமா" என்றான் அண்ணன். முகம் தெளிந்தது. "வெள்ளத் தண்ணியா ஊத்துவான். தண்ணி கணக்கா கீதேன்னு பாத்தா காது வரைக்கும் உறைக்கும். நீ அஞ்சு துன்னுட்டு போதும்பே, அப்பால என்னுதுல ஒண்ணு எடுப்பே."

"போவோமா?"

"போவோம்" என்றான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஐந்து மணி வரை, இரண்டு மணி நேரம், செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். நடுவில் இரண்டு முறை "போலாமா?" என்று கேட்டான். "வெயில் தாழ்ந்ததும் போவோமே, அதே மாதிரி" என்றால் "ஆமா" என்று அடங்கினான்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க சொன்னதும் நான் சொன்னதும் ஒண்ணுதானே அண்ணி? போவோம்னுதானே ரெண்டு பேரும் சொன்னோம்?"

அண்ணி ஆசிரியை அல்லவா, யோசித்துவிட்டுச் சொன்னார். "போவோம்னா நாளைக்கு போறதும் ஆச்சு, அந்தக் காலத்துல வழக்கமா போனதும் ஆச்சு. ரெண்டுக்கும் ஒரே சொல்லுதான். 'அப்பா தினம் ஷிப்ட் முடிஞ்சி ஆறு மணிக்கு வருவாரு'ன்னு சொல்றோமே, அவரு செத்து எத்தினி வருஷமாச்சு. எதிர்காலம்னு பேருதான். பசங்களுக்கு இத வெளக்கறதுக்குள்ள எனக்கு உயிரு போவுது."

அண்ணனுடைய நேற்று கெடாமல் இருந்தது. அந்த நேற்றிலிருந்து ஒரு வாசல் வழியாக அவன் நாளைக்குள் போகிறான், எங்கள் பேச்சிலேயே அந்த வாசல் இருந்திருக்கிறது. எல்லோருமே அப்படித்தான் போகிறோமோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். நான் பார்த்திராத ஊரை நாளை போய்ப் பார்ப்பதாகக் கற்பனை செய்தால், அதில் வருகிற தெரு ஏதோ நான் நடந்த தெருவாகத்தான் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், ஆபரேஷனுக்கு அவனிடம் நேற்று இல்லை. முதல் ஆபரேஷனில் அவனுக்கு நினைவே கிடையாது. பட்டினி கிடந்து காத்திருந்த நேற்று ஒன்று வேண்டும். நான்கு நாள் யோசித்தேன். அப்புறம்தான் பெரிய வெள்ளி ஞாபகம் வந்தது.

எங்கள் சபையில் பெரிய வெள்ளியன்று பன்னிரண்டு மணிக்கு ஆராதனை தொடங்கும். சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஏழு பேர் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் நடுவில் ஒரு பாட்டு. மூன்று மணிக்கு முடியும். காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர் தொட மாட்டார்கள். முடிந்ததும் வெளியே பந்தலில் கஞ்சி ஊற்றுவார்கள். சின்ன வயதில் நான் இரண்டாவது வார்த்தையிலேயே நழுவி வெளியே போய், கால்சட்டைப் பையில் வைத்திருந்த பன்னைத் தின்றுவிட்டு வருவேன். ஒருமுறை அண்ணன் என் சட்டையில் பன் துகளைப் பார்த்துவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. உன்னால் மட்டும் எப்படி முடிகிறது என்று நான்தான் கேட்டேன். "கஞ்சியோட ஊறுகா வெப்பாங்க இல்ல, அது நாக்குல பட்டா எப்பிடி இருக்கும்னு நெனச்சிக்கினு இருப்பேன்" என்றான். அவனுக்கு அப்போது பதினொரு வயது இருக்கும்.

இரண்டாவது முறை குறித்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் நாங்கள் போய்ச் சேர்ந்த மாலையிலிருந்தே அண்ணி வேலையை ஆரம்பித்தார். "பெரிய வெள்ளிக்கு வெள்ளச் சட்டதான போடுவோம், எடுத்தாந்துருக்கேன்" என்றார். அண்ணனுக்கு ஆஸ்பத்திரியின் பச்சை அங்கிதான் போட முடியும். ஆகவே நான் வெள்ளைச் சட்டை, அண்ணி வெள்ளைச் சேலை. நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த கட்டிலுக்கு மாற்றி, சுற்றிலும் திரையை இழுத்துவிட்டார். நானும் ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். காபியும் இல்லை.

அண்ணன் காலை ஐந்தரைக்கு விழித்தான். "காபி" என்றான்.

"இன்னிக்கு பெரிய வெள்ளி மாதிரிண்ணா. ஏழு வார்த்த முடியட்டும்."

என் சட்டையைப் பார்த்தான். அண்ணியின் சேலையைப் பார்த்தான். "யாரு பேசறது?"

"நான்தான்."

"நீயா? உனக்கு இன்னா தெரியும்? ரெண்டாவது வார்த்தைக்கு மேல நீ உள்ள இருந்ததே இல்லியே."

உண்மைதான். எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் அவனையே கேட்டேன். முதல் வார்த்தைக்கு யார் பேசுவார், எப்படிப் பேசுவார் என்று. அவன் சொல்ல ஆரம்பித்தான். மன்னிப்பைப் பற்றிப் பேச வருகிற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பேசி முடிப்பதற்குள் மூன்று பேரையாவது பேர் சொல்லித் திட்டிவிடுவாராம். இரண்டாவதுக்கு வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவர், காகிதத்தைப் பார்த்துப் படிப்பார், கை நடுங்கும், காகிதச் சத்தம் மைக்கில் கேட்கும். அண்ணன் அந்தச் சத்தத்தையும் செய்து காட்டினான். ஒவ்வொருவர் முடிந்ததும் அண்ணி மெல்லிய குரலில் ஒரு பாட்டுப் பாடினார். திரைக்கு அந்தப் பக்கம் டிபன் தட்டுகளின் சத்தம் கேட்டது, சாம்பார் வாசனை வந்தது. அண்ணன் மூக்கு அசைந்தது.

"இது எத்தினாவது?"

"மூணு முடிஞ்சிதுண்ணா."

"நாலாவதுதான் பேஜாரு. பாடகர் குழு மாஸ்டரு, முக்கா மணி நேரம் வுட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு அவனே அந்த முக்கால் மணி நேரத்தையும் இழுத்தான்.

ஐந்தாவது வார்த்தை தாகத்தைப் பற்றியது. அதை நான் முன்யோசனையே இல்லாமல் விட்டிருந்தேன். அண்ணனுக்கு அது தெரியும். "அஞ்சாவது தண்ணிதான்" என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தான். "தண்ணி குடு."

"ஆராதன இன்னும் முடியலண்ணா, ரெண்டு வார்த்த கீது."

"எனக்கு இப்போ வோணும்." என் மணிக்கட்டைப் பிடித்தான். விபத்துக்குப் பிறகும் அவன் பிடியில் பலம் குறைந்திருக்கவில்லை. அண்ணி பாட்டை நிறுத்தினார். இன்னொரு தடவை தோற்றால் எலும்பு வயிற்றிலேயே கரைய ஆரம்பித்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"எனக்கும்தாண்ணா வோணும்" என்றேன்.

"நீ குடிச்சிட்டே."

"குடிக்கல."

"பன்னு துன்னுட்டு வந்துருப்பே."

"இல்லண்ணா."

"வாயத் தொற."

திறந்தேன். நாக்கை நீட்டச் சொன்னான், நீட்டினேன். கிட்டே வந்து உற்றுப் பார்த்தான். விரலால் என் நாக்கைத் தொட்டே பார்த்தான். என் நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது. நாற்பத்திரண்டு வயதில் நான் முதல்முறையாக ஐந்தாவது வார்த்தை வரைக்கும் வந்திருந்தேன்.

"காஞ்சிதான் கீது" என்றான் அண்ணியிடம். பிடியை விட்டான். படுத்துக்கொண்டான். "பாடு" என்றான்.

ஏழாவது முடிந்தபோது மணி பதினொன்று. ஸ்ட்ரெச்சர் வரவேண்டிய நேரம். வரவில்லை. முந்தைய ஆபரேஷன் நீண்டுவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நர்ஸ் வந்து சொன்னார். எங்களிடம் இருந்த ஏழும் தீர்ந்துபோயிருந்தன. அண்ணன் திரையை விலக்கிக் காலைத் தரையில் வைத்தான்.

அண்ணிதான் சொன்னார். "எங்க எழுந்துக்கறீங்க? இன்னும் செகரெட்டரி அறிவிப்பு வாசிக்கலியே."

அண்ணன் நின்றான். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தான். எங்கள் சபைச் செயலாளரின் அறிவிப்புகள் ஊரறிந்தவை. ஈஸ்டர் ஆராதனை நேரம், கல்லறைத் தோட்டம் சுத்தம் செய்தல், காணாமல் போன ஜமக்காளம், குழாயை மூடாமல் போகிறவர்கள் என்று முடிவே இருக்காது. அண்ணன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அத்தனையையும் அவர் குரலிலேயே வாசித்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரையை விலக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜமக்காள விஷயத்தை மூன்றாவது முறையாக அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது ஸ்ட்ரெச்சர் வந்தது.

"கஞ்சி கீது இல்ல?" என்று கேட்டபடி ஏறிப் படுத்தான்.

"கீதுண்ணா. ஊறுகாயும் கீது."

அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் அண்ணி என்னைக் கேன்டீனுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. பெருமைக்காக அல்ல, அங்கிருந்து எழுந்துகொள்ளவே மனசு வரவில்லை. நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்து நல்லபடியாக முடிந்தது என்றார். அப்புறம்தான் காபி குடித்தேன். அவ்வளவு நேரம் தள்ளிக் குடித்ததால் விசேஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கேன்டீன் காபி எப்போதும்போல் மோசமாகத்தான் இருந்தது.

எலும்பு சேர்ந்தது, தலை பழையபடி உருண்டையானது. நாளை வந்து சேரவில்லை. இனி அதிகம் மாறாது என்று அந்த டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் அண்ணனைப் பற்றி எங்களுக்கு ஒன்று தெரிந்துவிட்டது. ஒருமுறை நடந்துவிட்ட எதற்கும் அவனால் காத்திருக்க முடியும். முதல் முறைதான் பாடு. அதனால் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் இரண்டு முறை செய்கிறோம். புதிய சலூனுக்கு முதலில் சும்மா போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவோம், அடுத்த வாரம் முடிவெட்டிக்கொள்வான். பூதிகோட்டையில் அண்ணியின் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்னால் அந்த மண்டபத்தை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். ஊரார் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

நான் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் அரை நாள் வேலைக்குச் சேர்ந்தேன். நேரத்துக்குப் போகிறேன். திருந்திவிட்டேன் என்று அண்ணி சொல்கிறார். எனக்கு அந்த வார்த்தை சரியாகப் படவில்லை. ஒருவனுக்காகத் தினமும் நாளையை எடுத்துச் சொல்லிக்கொண்டே இருந்தால் அது சொல்பவன் காதிலும் விழத்தானே செய்யும். இரண்டு குடையும் இப்போது நான்தான் வாங்குகிறேன்.

இந்த வருஷம் அண்ணன் மகளுக்குப் பட்டமளிப்பு வந்தது. கோலாரில் ஒரு பெரிய அரங்கம், மூன்று மணி நேர நிகழ்ச்சி. அப்பா வர வேண்டும் என்று அவள் கேட்டாள், பிறகு தானே, "கஷ்டம்னா வேணாம் சித்தப்பா" என்று போனில் மெதுவாகச் சொன்னாள். நான் காவலாளியிடம் பேசி அனுமதி வாங்கினேன். நிகழ்ச்சிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போனோம். மகளும் விடுதியிலிருந்து வந்தாள். அரங்கம் காலி. அறுநூறு நாற்காலிகளில் ஐந்தாவது வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். மகள் மேடையில் ஏறி, யாரும் இல்லாத இடத்தில் கைகுலுக்கி, சுருட்டிய செய்தித்தாள் ஒன்றை வாங்கிக்கொண்டு இறங்கினாள். அண்ணன் கைதட்டினான். காவலாளி கதவோரம் நின்று, "பங்ஷன் முந்தின வார சாமி" என்று, நிகழ்ச்சி அடுத்த வாரம்தான் என்பதைக் கன்னடத்தில் இரண்டு முறை எங்களுக்கு நினைவுபடுத்தினார்.

நிகழ்ச்சியன்று அதே ஐந்தாவது வரிசையைப் பிடித்தேன். சீக்கிரம் போய்க் கைக்குட்டை போட்டு வைத்திருந்தேன். வரவேற்புரை, பிறகு சிறப்பு விருந்தினர். அவர் நாற்பது நிமிடம் பேசினார். அண்ணன் ஒருமுறை நாற்காலியின் நுனிக்கு வந்தான். நான் அவன் முழங்காலில் கை வைத்து, "பாப்பா அந்தப் பக்கத்துப் படியில ஏறுவாளே" என்றேன். "ஆமா, காயிதம் வாங்குவா" என்று சொல்லிச் சாய்ந்துகொண்டான்.

சிறிது நேரம் கழித்து என் காதருகே குனிந்தான். "போன தபா இவ்ளோ கும்பல் இல்லடா."

"இல்லண்ணா."

"ஃபேனு போடல அன்னிக்கி."

"ஆமா."

மகள் பெயரைக் கூப்பிட்டபோது அண்ணி எழுந்து நின்றுவிட்டார், நான் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தடுமாறினேன். அண்ணன் மட்டும் அசையாமல் உட்கார்ந்து, அவள் படியேறி, நடந்து, கைகுலுக்கி, பட்டத்தை வாங்கித் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் கைதட்டினான். அடுத்த பெயரைக் கூப்பிட்ட பிறகும் தட்டிக்கொண்டிருந்தான். நான் நிறுத்தவில்லை.